நூறு ரூபாய் கூலிங் கிளாஸ் கண்ணைக் காக்குமா?

சங்கரன்கோவில் பக்கம் சைக்கிள் மிதிக்கிறவர்களின் கண்ணுக்கு வெயில் இரண்டாவது எதிரிதான். முதல் எதிரி காற்று. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கத் தொடங்கினால் ஆவணி வரை ஓயாது. இந்த வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்கே அந்தக் காற்றுதான் காரணம். புளியங்குடிச் சாலையில் மேற்கே பார்த்து மிதிப்பவருக்கு அது எதிர்க்காற்று. புழுதியையும் வைக்கோல் துரும்பையும் அள்ளி முகத்தில் அடிக்கும். ஒரு கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு, மறு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி போகிறவர்களை ஆடி மாதத்தில் எந்தச் சாலையிலும் பார்க்கலாம்.

அதே ஆடியில்தான் தபசுத் திருவிழாவும் வருகிறது. கோமதி அம்மனின் தவக்கோலத்தைப் பார்க்கத் திரளும் கூட்டத்தை நம்பி, கோயிலைச் சுற்றிய வீதிகளில் வளையல் கடை, பலூன் கடைகளோடு கூலிங் கிளாஸ் தட்டிகளும் வந்து நிற்கும். வரிசை வரிசையாகச் செருகிய கண்ணாடிகளில் ஏதாவது ஓர் உலகப் பிராண்டின் பெயர் இருக்கும்: ரேபான், ஓக்லி, போலராய்டு. விலையோ நூறு, நூற்றைம்பது. “இதுல யுவி இருக்காண்ணே?” என்று கேட்கும் பையனுக்கு, “ஸ்டிக்கரே ஒட்டியிருக்கு பாரு தம்பி” என்று பதில் வரும். லென்ஸின் ஓரத்தில் ‘யுவி 400’ என்று பொட்டளவு ஸ்டிக்கர் ஒன்று இருக்கத்தான் செய்யும்.

அந்தக் கண்ணாடியை வாங்கி சைக்கிளுக்குப் போடலாமா? வெயிலுக்கு மட்டும் என்றால், பெரும்பாலும் மோசம் போகாது. சைக்கிளுக்கு என்றால் வேண்டாம். ஏனென்றால் அதே காசுக்கு, அதைவிட நம்பகமான கண்ணாடி எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. அதில் பிராண்ட் பகட்டு இல்லை, அவ்வளவுதான்.

வெயில் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். சூரிய ஒளியோடு வரும் புறஊதாக் கதிர்களில் நம்மை எட்டுபவை இரண்டு வகை. 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ளவை புறஊதா-பி. 315 முதல் 400 வரை உள்ளவை புறஊதா-ஏ. ஆண்டுக்கணக்கில் கண்ணில் படும்போது கண்புரை சீக்கிரம் வருவதற்கும், வெள்ளை விழியிலிருந்து கருவிழிமேல் சதை ஏறுவதற்கும் இவை காரணமாகின்றன. பட்டறையில் வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு, ராத்திரி கண் எரிந்து தூங்க முடியாமல் துடிப்பவர்களுக்கு நேர்வதும் புறஊதாக் கதிரின் வேலைதான். வெல்டிங் தீப்பொறி ஒரே மணி நேரத்தில் செய்வதன் வேறொரு வடிவத்தை வெயில் இருபது முப்பது வருடமாக மெல்லச் செய்கிறது.

இந்தக் கதிரைத் தடுப்பது அதிகச் செலவு பிடிக்கும் வேலை இல்லை. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் தன் இயல்பிலேயே சுமார் 380 நானோமீட்டருக்குக் கீழே உள்ள கதிர்களை விழுங்கிவிடும். மற்ற பிளாஸ்டிக்குகளில், வார்க்கும்போதே சிறிதளவு சேர்மானம் கலந்தால் போதும். அதனால்தான் மலிவான கண்ணாடிகளைச் சோதனைக்கூடங்களில் அளந்து பார்த்தபோதெல்லாம், அவற்றில் பெரும்பாலானவை புறஊதாவைத் தடுப்பதாகவே தெரியவந்தது. விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது இந்த ஒரு விஷயத்தில் செல்லாது. பத்தாயிரம் ரூபாய் கண்ணாடி தடுப்பதைத்தான் நல்ல நூறு ரூபாய் கண்ணாடியும் தடுக்கிறது.

சிக்கல் ‘பெரும்பாலானவை’ என்ற சொல்லில் இருக்கிறது. கையில் இருக்கும் கண்ணாடி அந்தப் பெரும்பாலானவற்றில் ஒன்றா, மிச்சத்தில் ஒன்றா என்பதை வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. சேர்மானம் கலக்காத சாதாரண அக்ரிலிக்கும் கருப்புச் சாயம் ஏற்றிவிட்டால் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கருப்பு அதிகமானால் பாதுகாப்பு அதிகம் என்று நினைப்பது இங்கேதான் ஆபத்தாகிறது. நிறம் வேறு, புறஊதாத் தடுப்பு வேறு. கருப்புக் கண்ணாடி போட்டதும் கண்மணி விரிகிறது. விரிந்த கண்மணி வழியாகத் தடுக்கப்படாத கதிர் உள்ளே போனால், போடாமல் இருந்திருப்பதே மேல். மறுபுறம், நிறமே இல்லாத தெளிவான பாலிகார்பனேட் கண்ணாடி புறஊதாவை ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிடும்.

பிரேசிலில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் சாவோ கார்லோஸ் வளாகத்தில் லிலியானே வெஞ்சுரா என்ற ஆய்வாளரின் குழு, பொதுமக்கள் தங்கள் கண்ணாடியைத் தாங்களே செருகிச் சோதித்துக்கொள்ளும் ஒரு பெட்டியை உருவாக்கியது. தடுக்கிறதா, இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். நம் ஊரில் அப்படிப் பொதுவான ஏற்பாடு இல்லை. ஆனால் பல ஆப்டிகல் கடைகளில் கையடக்கமான புறஊதா மீட்டர் இருக்கிறது. கேட்டால் அரை நிமிடத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா டார்ச்சை வைத்துச் சிலர் செய்து காட்டும் வித்தையை நம்ப வேண்டாம். மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர் ஒளியைத்தான் விடுகின்றன. 380 வரை ஒழுங்காகத் தடுக்கும் நல்ல லென்ஸிலும் அந்த ஒளி ஊடுருவிப் போகும். நல்ல கண்ணாடியைக் கெட்டது என்று காட்டிவிடும்.

இனி சைக்கிளுக்கு வருவோம். இங்கே லென்ஸின் நிறத்தைவிடக் கண்ணாடியின் வடிவம் முக்கியம். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ கண்டறிந்த ஒன்று இதை நன்றாக விளக்கும். சதை வளர்ச்சி பெரும்பாலும் மூக்கை ஒட்டிய பக்கத்தில்தான் தொடங்குகிறது. ஏன் அந்தப் பக்கம்? நெற்றிப்பொட்டுப் பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கருவிழியின் வளைவே ஒரு லென்ஸைப்போலக் குவித்து, எதிர்ப்புறமான மூக்குப் பக்க ஓரத்தில் பாய்ச்சுகிறது. அந்த ஓரத்தில் ஒளியின் செறிவு சுமார் இருபது மடங்கு வரை ஏறுகிறது. அப்படியானால் முன்பக்கம் எவ்வளவு கருப்பாக இருந்தாலும், பக்கவாட்டில் விரலளவு இடைவெளி விடும் தட்டையான கண்ணாடி பாதி வேலையைத்தான் செய்கிறது. சினிமா பாணியில் பெரிய சதுரக் கண்ணாடி போட்டுக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. உச்சிவெயில்தான் கண்ணுக்குக் கொடிது என்று எல்லோரும் நினைக்கிறோம். தோலுக்கு அது உண்மை. கண்ணுக்கோ, சூரியன் நேர்மேலே நிற்கும்போது புருவமும் நெற்றியும் நிழல் கொடுத்துவிடுகின்றன. ஜப்பானில் கனஸவா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி சசாகி குழு, பொம்மைத் தலையின் கண்களில் அளவிகளைப் பொருத்தி அளந்தது. சூரியனைப் பார்த்து நிற்கும் முகத்தில், சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 40 பாகை உயரத்தில் இருக்கும்போதுதான் கண்ணில் அதிகப் புறஊதா-பி விழுவது தெரிந்தது. அந்த ஆய்வின் முடிவு 2011-ல் வெளியானது. சங்கரன்கோவில் ஒன்பது பாகை வடக்கில் இருக்கிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் இங்கே அந்த உயரத்தில் இருப்பது காலை ஒன்பது மணியை ஒட்டியும், பிற்பகல் மூன்றரை மணியை ஒட்டியும். பள்ளிக்கூடம் போகிற, வருகிற நேரம்!

ஊரின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். புளியங்குடி சங்கரன்கோவிலுக்கு நேர் மேற்கே இருக்கிறது. கழுகுமலை நேர் கிழக்கே. மேற்கேயுள்ள கிராமங்களிலிருந்து காலையில் ஊருக்குள் மிதித்து வருகிற பிள்ளைக்குச் சூரியன் நேர் எதிரே; மாலையில் வீடு திரும்பும்போதும் நேர் எதிரே. ஆடி ஆவணியில் மாலைக்காற்றும் அதே எதிர்த்திசையிலிருந்துதான். கிழக்கே கழுகுமலைச் சாலையிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு நேரமும் சூரியன் முதுகுப் பக்கம்.

தமிழ்நாட்டில் இந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கை சிறியதல்ல. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-06-லிருந்து அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. சைக்கிள் வீட்டுக்கு வந்துவிட்டது. அதை மிதிக்கிறவரின் கண்ணுக்கு என்ன என்பதை யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

வெயில், காற்றைத் தாண்டி இன்னொன்று இருக்கிறது. கண்ணாடியின் மதிப்பு முழுதாகத் தெரிவது அங்கேதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 65 பேருக்குப் புண் வருவதற்கு முன்னால் கருவிழியில் ஏதோ ஒரு காயம் பட்டிருந்தது. பெரும்பாலும் வயல் வேலையில் பட்ட காயம். 1997-ல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. நெல் தோகை கீறுவது, துரும்பு தெறிப்பது, முள் உரசுவது எல்லாம் அந்த நேரத்துக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் செடிகொடிகளிலிருந்து வரும் பூஞ்சை அந்தக் கீறல் வழியாக ஏறினால், வாரக்கணக்கில் மருந்து விட்டும் பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம். சீமைக்கருவேலம் சாலைக்குள் கிளை நீட்டியிருக்கும் ஒரு கிராமத்து வளைவில், எதிரே வரும் மினி பஸ்ஸுக்கு ஒதுங்குகிற சைக்கிள்காரருக்கு இந்த ஆபத்து தினசரி இருக்கிறது. அவருக்கு வேண்டியது முகத்தோடு ஒட்டி வளைந்த, உடையாத ஒரு தடுப்பு. அது கருப்பாக இருக்கிறதா, வெள்ளையாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

உடையாத என்பதில்தான் திருவிழாக் கடைக் கண்ணாடி தோற்றுப்போகிறது. அந்த லென்ஸ் என்ன பிளாஸ்டிக் என்று விற்கிறவருக்கே தெரியாது. பாலிகார்பனேட்டாக இருக்கலாம், அக்ரிலிக்காகவும் இருக்கலாம். அக்ரிலிக் அடிபட்டால் கூர்மையான சில்லுகளாகத் தெறிக்கும். சைக்கிளிலிருந்து முகம் குப்புற விழும்போது, கண்ணுக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவான தூரத்தில் அப்படி ஒரு பொருள் இருப்பதை நினைத்துப் பாருங்கள். பாலிகார்பனேட் குழியும், கீறும். அவ்வளவு எளிதில் சில்லாகாது. நிலவுக்குப் போன அப்பல்லோ விண்வெளி வீரர்களின் தலைக்கவச முகமூடியில் இந்தப் பிளாஸ்டிக்தான் இருந்தது.

ஹார்டுவேர் கடையில் கிரைண்டிங் வேலைக்காரர்களுக்கென்று விற்கும் சேஃப்டி கண்ணாடிகள் பெரும்பாலும் பாலிகார்பனேட்டில் செய்தவை. 3எம், கரம், உத்யோகி போன்ற நிறுவனங்களின் சாதாரண மாடல்கள் நூறு ரூபாய்க்கு முன்பின்னாகவே கிடைக்கின்றன. காதுப் பக்கக் கம்பியில் ‘இசட் 87’ என்றோ ‘இ.என். 166’ என்றோ ஒரு முத்திரை அச்சாகியிருக்கும். முதலாவது அமெரிக்கத் தரம், இரண்டாவது ஐரோப்பியத் தரம். ஐரோப்பிய முத்திரையோடு ‘எஃப்’ என்ற எழுத்தும் இருந்தால், 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 162 கிலோமீட்டர் வேகத்தில், அடித்தும் உடையாத ரகம் என்று பொருள். லாரி டயரிலிருந்து தெறிக்கும் ஜல்லிக்கு இதைவிட நல்ல பதில் இந்த விலையில் இல்லை. முகத்தோடு வளைந்து, பக்கவாட்டையும் மறைக்கும். தெளிவான லென்ஸ் ஒன்று, சாம்பல் நிற லென்ஸ் ஒன்று என்று இரண்டு வாங்கினாலும் பிராண்ட் பெயர் போட்ட ஒரு ‘ஃபர்ஸ்ட் காப்பி’யின் விலை ஆகாது.

பட்டறைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரோட்டில் போக வெட்கமாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்தத் தயக்கத்தையும் மதிக்கத்தான் வேண்டும். பிடிக்காத கண்ணாடி பையிலேயே கிடக்கும், கண்ணுக்கு வராது. இன்று உலகம் முழுக்கப் பந்தய வீரர்கள் அணியும் வளைந்த கண்ணாடியே பகட்டுக்காகப் பிறந்ததல்ல என்பதை அவர்களுக்குச் சொல்லலாம். ஓக்லியைத் தொடங்கிய ஜிம் ஜன்னார்ட் 1975-ல் மோட்டார் சைக்கிள் கைப்பிடிகள் விற்றவர். பிறகு புழுதியிலிருந்து கண்ணைக் காக்கும் மோட்டார் சைக்கிள் காகிள்ஸ் செய்தார். அந்த முகமூடியைச் சுருக்கித்தான் எண்பதுகளில் சைக்கிள் வீரர்களுக்கான கண்ணாடி வந்தது. 1986-ல் டூர் டி பிரான்ஸ் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் அதை அணிந்து ஓட்டியபின் அது உலகமெங்கும் பரவியது. பட்டறைக் கண்ணாடிக்கும் அதற்கும் வேலை ஒன்றுதான்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு நடுவழியும் உண்டு. டெகத்லான் தன் சொந்தப் பெயரில் சில நூறு ரூபாயிலிருந்து சைக்கிள் கண்ணாடி விற்கிறது. நிற அடர்த்தி எத்தனையாவது வகை என்பதையும் அதிலேயே குறித்திருக்கிறது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய டைட்டனின் ஃபாஸ்ட்ராக் கண்ணாடிகள் பல ஆப்டிகல் கடைகளில் பில்லோடு கிடைக்கின்றன. இவை மலிவு, ஆனால் போலி அல்ல. ஒரு குறை என்றால் போய்க் கேட்க ஆள் இருக்கிறது. ரேபான் என்று பெயர் போட்ட நூறு ரூபாய் கண்ணாடியை யாரிடம் கொண்டுபோய்க் கேட்பது? ரேபானை 1999-லும் ஓக்லியை 2007-லும் வாங்கிய இத்தாலிய லக்சாட்டிகாவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி, போலிச் சின்னம் போட்ட பொருளை விற்பது ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்கும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். திருவிழாவில் தட்டியோடு வெயிலில் நிற்கும் அந்த வியாபாரியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. மொத்த வியாபாரியிடம் கிடைத்ததை அவர் விற்கிறார். பெயரே போடாத கண்ணாடியை நாம் கேட்டு வாங்கினால், அவரும் அதையே கொண்டுவருவார்.

எங்கே வாங்கினாலும் கடையிலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கண்ணாடியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஒரு லென்ஸ் வழியாகக் கதவு நிலையின் நேர்க்கோட்டையோ டியூப் லைட்டையோ பாருங்கள். அப்படியே கண்ணாடியை மெதுவாக மேலும் கீழும், பக்கவாட்டிலும் நகர்த்துங்கள். கோடு நெளிந்தாலோ, ஓரிடத்தில் வீங்கிச் சுருங்கினாலோ அந்த லென்ஸ் சரியாக வார்க்கப்படவில்லை. அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் மிதித்தால் தலை வலிக்கும். பள்ளம் இருக்கும் தூரமும் தப்பாகத் தெரியும். இரண்டு லென்ஸும் ஒரே நிறமா என்பதை ஒரு வெள்ளைத்தாள்மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைக்காரர் ஒரு படத்தைக் காட்டி, கண்ணாடி வழியாகப் பார்த்தால் மட்டும் உள்ளே மீன் தெரிகிறது பாருங்கள் என்றால், அது போலரைஸ்டு லென்ஸ் என்பதற்கான சாட்சி மட்டும்தான். புறஊதாவுக்கும் அந்த மீனுக்கும் தொடர்பு கிடையாது. போலரைஸ்டு கண்ணாடி தார்ச்சாலையின் மினுமினுப்பைக் குறைக்கும், சுகமாகவும் இருக்கும். ஆனால் மழை நேரத்தில் ரோட்டில் நிற்கும் தண்ணீரும் எண்ணெய்ப் படலமும் பளபளப்பதைப் பார்த்துத்தான் நாம் பிரேக் பிடிக்கிறோம். அந்தப் பளபளப்பையும் சேர்த்து அது மறைத்துவிடும்.

நிறத்தில் சாம்பலோ பழுப்போ நல்லது. நீலம், கடும் ஆரஞ்சு நிற லென்ஸ்களில் சிக்னல் விளக்கின் நிறமே மாறித் தெரியலாம். சர்வதேசத் தரத்தில் நிற அடர்த்திக்கு 0 முதல் 4 வரை வகை பிரித்திருக்கிறார்கள். பகல் வெயிலுக்கு மூன்றாம் வகை போதும். அது நூற்றில் 8 முதல் 18 பங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். நான்காம் வகை 3 முதல் 8 பங்குதான் விடும். அதைப் போட்டு வண்டி ஓட்டக் கூடாது என்று அந்தத் தரமே சொல்கிறது. தட்டியில் தொங்கும் கண்ணாடியில் வகை எண் இருக்காது. மிகக் கருப்பானதைத்தான் ஸ்டைல் என்று எடுப்பார்கள். அந்தி மயங்கும் நேரத்தில் மரநிழல் விழுந்த சாலையில் அந்தக் கருப்போடு மிதிப்பது உயிரோடு விளையாடுவதற்குச் சமம். ஆனால் கண்ணாடி அதிகம் தேவைப்படுவதும் அதே நேரம்தான். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஈசலும் வண்டும் முகத்தில் வந்து மோதும். தெளிவான லென்ஸ் ஒன்று கட்டாயம் என்று சொல்வது இதனால்தான்.

பவர் கண்ணாடி போடுகிறவர்கள் தங்களுக்கு வழியில்லை என்று நினைக்க வேண்டாம். பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் அகலமான சேஃப்டி கண்ணாடிகளும் அதே ஹார்டுவேர் கடைகளில் உண்டு. வாங்கும்போது சொந்தக் கண்ணாடியோடு போட்டு, குனிந்து நிமிர்ந்து பார்த்து வாங்க வேண்டும். எந்தக் கண்ணாடி போட்டும் கண்ணில் தூசி விழுந்து உறுத்தினால் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவ வேண்டும். மறுநாளும் உறுத்தலும் சிவப்பும் இருந்தால் மெடிக்கலில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து விடுவதைத் தவிர்த்து, கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து பூஞ்சைப் புண்ணை இன்னும் மோசமாக்கிவிடும். திருநெல்வேலியில் 1988-லிருந்தே அரவிந்த் மருத்துவமனை இருக்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

பாலிகார்பனேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு: சீக்கிரம் கீறல் விழும். புழுதி படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தால் அந்தப் புழுதியே அரத்தின் வேலையைச் செய்துவிடும். முதலில் தண்ணீரில் அலசி, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அப்படியும் ஒரு வருடத்தில் கீறல்கள் சேர்ந்து, எதிர்வெயிலில் லென்ஸ் முழுக்க வெள்ளையாகச் சிதறித் தெரியத் தொடங்கினால் யோசிக்காமல் மாற்றிவிடலாம். புதியது மறுபடியும் அதே நூறு ரூபாய்தான்.